குட்டிக் கோச்சிக்கு அதன் பழைய சத்தத்தைத் திருப்பித் தரக் கோரல்

அனுப்புபவர்:
சித்தி நபீஸா அப்துல் கபூர்,
தயிர் உற்பத்தியாளர்,
பட்டியடி ஒழுங்கை,
ஏறாவூர்.

பெறுநர்:
பொறியியலாளர் அவர்கள்,
வாவிக்கரை இருப்புப் பாதைப் பராமரிப்புப் பிரிவு,
மட்டக்களப்பு.

விடயம்: வம்மியடிக் கடவையை மூடும் அறிவித்தலை நிறுத்தி வைத்தலும், பாதைப் பரிசோதனை மோட்டார் ட்ரொலிக்கு அதன் பழைய எஞ்சினையே மீண்டும் பூட்டுதலும் தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்திலிருந்து சென்ற மாதம் என் பெயருக்கு வந்த அறிவித்தலை வாசித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பின்னேரம் என் மருமகள் நுஸ்ரா அதையே சத்தமாக வாசிக்க, வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் விடயம் சிரித்துவிட்டு விடக்கூடியதல்ல. இந்த மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் கடவையின் இரு பக்கமும் தண்டவாளத் துண்டுகளை நட்டு வழியை அடைத்துவிடப் போவதாக அதில் எழுதியிருக்கிறது. அதற்குள் தாங்கள் அறிய வேண்டியவற்றைக் கீழே தருகிறேன். மனு நீண்டுவிட்டது. நீளத்துக்கு எருமைகளே பொறுப்பு.

1. நான் எருமைத் தயிர் போட்டு விற்பவள். நானும் என் கணவர் அப்துல் கபூரும் வளர்க்கும் எருமைப் பட்டி, வம்மியடிக் கடவைக்கு மேற்கே, மருதையடி வட்டையின் மேட்டில், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. வட்டை என்று நாங்கள் சொல்வது வயற்பரப்பை. தாங்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். பட்டியைப் பார்ப்பவர் கிரானைச் சேர்ந்த சுதாகரன். காலையில் கறக்கும் பால் கடவையைத் தாண்டித்தான் பிரதான வீதிக்கு வரும். அந்த வட்டையில் வயல் செய்கிற அத்தனை பேருடைய நெல்லும் அதே வழியால்தான் வரும். உள்ளே குடியிருக்கும் சில வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதனால்தான். கடவை அடைபட்டால் வாய்க்கால் கட்டைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் வர வேண்டும். வெயிலில் அலைந்த பால் திரைந்துபோகும். திரைந்த பாலில் தயிர் போட முடியாது. என் பிழைப்பே அந்தக் கடவையில்தான் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. தங்கள் பதிவுகளில் 'பாதைப் பரிசோதனை மோட்டார் ட்ரொலி' என்று இருக்கும் வாகனத்துக்கு எங்கள் பக்கத்தில் குட்டிக் கோச்சி என்று பெயர். புகையிரதத்தைக் கோச்சி என்போம். இது அதன் குட்டி. நான்கு இரும்புச் சில்லு, நடுவில் இருப்பதற்கு ஒரு மர வாங்கு, மேலே கித்தான் கூரை, முன்னால் றப்பர்க் குமிழை அமுக்கினால் வாத்துப் போலக் கத்தும் பித்தளை ஹோர்ன். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான் என்று சிலர் சொல்வார்கள். அது எப்படியோ, என் கணவர் பிறக்க முதலே அது ஓடத் தொடங்கிவிட்டது என்பது நிச்சயம். பெரிய கோச்சி வரும் நேரமானால் அதில் வந்தவர்கள் இறங்கி, இரு பக்கமும் பிடித்து, அதைத் தண்டவாளத்திலிருந்து அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். கோச்சி போனதும் திரும்பத் தூக்கி வைத்து ஏறிக்கொள்வார்கள்.

அப்படி இறக்கி வைப்பதற்குச் சமதரையுள்ள இடம் எங்கள் பகுதியில் வம்மியடிக் கடவை ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் சரிவும் பற்றையும். தூக்குவதற்குச் சுதாகரன் எத்தனையோ தரம் கை கொடுத்திருக்கிறார். என் மகன் இர்ஷாத்தும் தோள் கொடுத்திருக்கிறான். கடவையை அடைத்த பிறகு குட்டிக் கோச்சி எங்கே ஒதுங்கும் என்பதைத் தங்கள் அறிவித்தல் தெரிவிக்கவில்லை. இதை எனக்காகக் கேட்கவில்லை, குட்டிக் கோச்சிக்காகக் கேட்கிறேன்.

3. இனி அதன் சத்தத்தைப் பற்றி. இந்த மனுவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் பொறுமையாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய எஞ்சின் 'டுக்கு... டுக்... டுக்கு டுக்...' என்று ஓடும். நாலு அடி அடித்துவிட்டு ஐந்தாவதை மறந்துவிடும். நாங்கள் நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது நினைத்துக்கொண்டு அடிக்கும். விக்கல் எடுத்தவர் அவசரமாக நடப்பது மாதிரி இருக்கும். அப்படிச் சத்தம் போடுகிற வேறு இயந்திரம் வட்டைக்குள் யாரிடமும் இல்லை. அதைக் கேட்டால் வயலில் நிற்பவர் நிமிர்ந்து பார்ப்பார், தண்டவாளத்தில் நடப்பவர் இறங்குவார், எருமைகளும் முனகிக்கொண்டு இறங்கும். இத்தனை வருடத்தில் ஒரு எருமைக்கும் குட்டிக் கோச்சிக்கும் பிணக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

4. சென்ற வருடம் மாரிமழை தொடங்குமுன் அந்த எஞ்சினில் காயில் என்ற மின்சுருள் எரிந்துபோயிற்று. மழைக்கு முன் பாதையைப் பார்த்து முடித்தாக வேண்டும் என்று தங்கள் அலுவலகத்துக்கு அவசரம். ஓய்வுபெற்ற பிறகும் அழைத்தால் வந்து வேலை செய்து கொடுக்கும் மட்டக்களப்பு நகரத்தில் இயந்திரம் பூட்டும் பிற்றர் திரு. றூபெர்ட் அவர்களை அழைத்தார்கள். காயிலைச் சுற்றி எடுக்க நாள் பிடிக்கும் என்பதால் அவர் வேறு வழி பார்த்தார். வயலில் ஓடும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின், அதாவது எங்கள் வாயில் லேண்ட்மாஸ்டர் என்கிறோமே, அதன் எஞ்சினை எடுத்துக் குட்டிக் கோச்சிக்குப் பூட்டிவிட்டார். அது பூனைக்குட்டி போலச் சொன்னபடி கேட்டு ஓடியது. கெட்டிக்காரத்தனத்தை மெச்சி நானே அவருடைய வீட்டுக்கு ஒரு சட்டி தயிர் கொடுத்தனுப்பினேன். அவருடைய மனைவி டோறா சட்டியைக் கழுவி, அதற்குள் கேக் வைத்துத் திருப்பி அனுப்பினார். ஆகவே இந்த மனு திரு. றூபெர்ட் அவர்களுக்கு எதிரானதல்ல. யாருக்கும் எதிரானதல்ல.

5. எங்கள் பட்டி அப்போது வட்டையில் இல்லை. வயல் விதைத்தால் மாடுகளை அங்கே வைத்திருக்க முடியாது. அறுவடை முடிந்த பிறகுதான் திரும்பக் கொண்டுவருவோம். மாரி முழுவதும் அவை தூரத்து மேட்டில் நின்றன. மேட்டைச் சுற்றி வெள்ளம். புல் இல்லை. இர்ஷாத் லேண்ட்மாஸ்டரில் தவிடும் புண்ணாக்கும் கொண்டுபோய்க் கொட்டினால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. பசியோடு நிற்கும் மாட்டுக்குத் தூரத்தில் 'டப டப டப' என்று கேட்டால் என்ன விளங்கும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். நாங்கள் அப்போது ஊகிக்கவில்லை.

6. அறுவடை முடிந்து, பட்டி திரும்பிவந்த கிழமையில், புது எஞ்சின் பூட்டிய குட்டிக் கோச்சி வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்தது. அதில் பாதைப் பரிசோதகரும் இரண்டு வேலையாட்களும் இருந்தார்கள். அவ்வளவுதான், மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் அத்தனையும் தலையைத் தூக்கி, இருப்புப் பாதையின் மேட்டில் ஏறி, தண்டவாளத்தின் நடுவே வரிசையாக வந்து நின்றன. விலகுவதற்குப் பதிலாக வரவேற்றன. பரிசோதகர் ஹோர்ன் அடித்தார். பித்தளை ஹோர்னின் றப்பர் வெடித்துவிட்டதால் திரு. றூபெர்ட் ஒரு மோட்டார்சைக்கிள் ஹோர்னைப் பூட்டியிருந்தார். அது எருமையின் காதுக்கு நுளம்பின் ரீங்காரம். பரிசோதகர் சிவப்புக் கொடியை எடுத்து வீசினார். எங்கள் பட்டியின் தலைவி, நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ளவள், பெயரும் சுட்டிதான், அந்தக் கொடியை மரியாதையாக வாயில் வாங்கிக்கொண்டாள். மற்றவை வாங்கின் கீழே தவிட்டைத் தேடின. தவிடு இல்லை. பரிசோதகரின் பகல் சாப்பாட்டுப் பார்சல் இருந்தது.

சுதாகரன் ஓடிவந்து பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "ராத்தா, பட்டிக்குக் கண்ணூறு பட்டிருக்கு. மாடு இப்பிடி ஓடி நான் காணல்ல. ஐயாட சோத்தையும் திண்டிட்டு, இன்னும் போகுதுகள் இல்ல!"

7. இதன் பிறகு குட்டிக் கோச்சி வரும்போதெல்லாம் இதுவே நடந்தது. தங்கள் அறிவித்தலில் குறிப்பிட்ட இழப்புகளுக்கு என் பதில் வருமாறு. பகல் உணவு: உண்மை, மிகவும் வெட்கப்படுகிறேன். சிவப்புக் கொடி: உண்மை, ஆனால் அது விழுங்கப்படவில்லை, மென்று பார்த்துவிட்டுத் துப்பப்பட்டது. கழுவி, காயவைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். உத்தியோகத்தரின் தொப்பி: காற்றில் பறந்து விழுந்ததை எருமை மிதித்தது. மிதித்தது உண்மை, பறித்தது பொய்.

ஆனால் அதே அறிவித்தலில் 'கடவைக்குக் காவலாளி நியமிக்கச் செய்யும் நோக்கத்துடன் கால்நடைகளைத் திட்டமிட்டுப் பாதையில் நிறுத்தி' என்று ஒரு வரி இருக்கிறது. ஐயா, 'திட்டமிட்டு' என்ற அந்த ஒரு சொல்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. என் எருமைகள் என் பேச்சைக் கேட்டு வரிசையில் நிற்குமென்றால் நான் ஏன் சுதாகரனுக்குச் சம்பளம் கொடுக்கிறேன்? கறக்கும்போது காலைத் தூக்காமல் நின்றாலே போதுமென்று நான் தினமும் கெஞ்சுகிறேன். காவலாளி வேண்டுமென்பது ஊரின் பழைய விருப்பம்தான். அதற்கு நாங்கள் மனு எழுதுவோம், மாடு அனுப்ப மாட்டோம்.

8. காரணம் தெரியாமல் நாங்களும் எத்தனையோ செய்தோம். சுதாகரன் கண்ணூறு கழியத் தேசிக்காய் வெட்டி எறிந்தார். என் கணவர், தண்டவாளத்தின் கீழுள்ள சிலிப்பர்க் கட்டைகளில் மாடு நக்க யாரோ உப்புக் கொட்டிவிட்டார்கள் என்று சொல்லி, வாளியும் தண்ணீருமாகப் போய்க் கழுவினார். கடவையின் இரு பக்கமும் முள்ளுக் கிளை வைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை.

9. இனி எழுதுவது என் கணவருக்கு நடந்தது. சென்ற மாதம் ஒரு காலை, லேண்ட்மாஸ்டரின் டயர் காற்றுப்போய், தவிடு கொண்டுவர வேண்டிய இர்ஷாத் பிந்திவிட்டான். என் கணவர் கடவைக்குப் போய் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இர்ஷாத் நெல் ஆலையிலிருந்து வரும் வயற்பாதை, தண்டவாளத்தின் பக்கமாகவே, பற்றைக்கு அப்பால் ஓடுகிறது. வடக்கே இருந்து 'டப டப டப' என்று கேட்டது. மகன் வந்துவிட்டான் என்று என் கணவர் நினைத்தார். தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, முகத்தை வயற்பாதைப் பக்கம் திருப்பிக் கத்தத் தொடங்கினார்: "டேய் மனே, இவ்வளவு நேரமும் எங்க கிடந்த நீ? மாடெல்லாம் பசியில நிக்கிது!"

வந்தது இர்ஷாத் அல்ல. வம்மி மரத்து வளைவால் குட்டிக் கோச்சி வந்தது. வளைவில் பற்றை மறைத்ததால் பரிசோதகருக்கு என் கணவர் தெரியவில்லை. அவருக்கும் குட்டிக் கோச்சி தெரியவில்லை. கேட்ட சத்தம் மகனுடையது, கத்துவதும் மகனை, பிறகு ஏன் தண்டவாளத்தைப் பார்க்கப் போகிறார்? எருமைகளுக்கும் அது தவிட்டின் சத்தம். அவை என் கணவரைத் தாண்டி ஓடி, அவருக்கும் குட்டிக் கோச்சிக்கும் நடுவில் வந்து வழக்கம்போல் வரிசையில் நின்றன. பரிசோதகர் பிறேக்கை இழுத்துப் பிடித்தார். குட்டிக் கோச்சி சுட்டிக்கு ஒரு மாட்டு நீளம் தள்ளி நின்றது. மாடுகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் வயலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் பரிசோதகர் கண்டார்.

அவர் தேற்றாத்தீவைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். இறங்கி ஓடிவந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனை அழைப்பதுபோல், "நானா, இந்த மாடு மறிக்காட்டி நான் உங்கள அடிச்சிருப்பன்" என்றாராம். என் கணவர் அவரை ஆறுதல்படுத்தி வாங்கில் இருத்தினார். பிறகு தானும் அவர் பக்கத்திலேயே இருந்துவிட்டார். சுற்றிவர எருமைகள்.

10. அந்த நேரம் பார்த்து, டயரைச் சரிப்படுத்திக்கொண்டு, இர்ஷாத் உண்மையான லேண்ட்மாஸ்டரில் வந்தான். அதே 'டப டப டப'. குட்டிக் கோச்சியைச் சுற்றி நின்ற எருமைகளில் பாதி அவன் பக்கம் ஓடின. மீதிப் பாதி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு எதை நம்புவது என்று தெரியாமல் நின்றன. பரிசோதகர் அதைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். வேலையாட்களும் சிரித்தார்கள். கண்ணூறு, உப்பு, திட்டம் எல்லாம் அந்த இடத்திலேயே ஒழிந்துபோயின. அன்று மாலை செய்தி கேட்ட திரு. றூபெர்ட் தொலைபேசியில் சொன்னது: "ஐயோ நபீஸா, நான் பூட்டினது எஞ்சினா, சாப்பாட்டு மணியா?" அதன் பிறகு வெகுநேரம் அவர் சிரிப்புத்தான் கேட்டது. கடைசியில் சிரிப்பு நின்று, "நானே கழட்டித் தாறன், அந்த மனிசனுக்கு ஒண்டு நடந்திருந்தா நான் எப்பிடி இருப்பன்" என்றார்.

பரிசோதகர் தம் அறிக்கையில் நடந்ததை எழுதிவிட்டதாகவும், ஆனால் கடவையை மூடும் கட்டளை மேலிடத்திலிருந்து வந்ததால் அதை நிறுத்தத் தம்மால் ஏலாது என்றும், தங்களுக்கே எழுதும்படியும் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

11. எருமைக்கும் என் கணவருக்கும் நடந்தது ஒரே பிழைதான். வயலின் சத்தத்தைத் தண்டவாளத்தில் கேட்டு இரு தரப்பும் ஏமாந்தார்கள். எருமைகள் ஏமாந்தது தங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவை குறுக்கே வந்து நின்றன. மனிதர் ஏமாந்தால் குறுக்கே நிற்பது தெரியாமலே நிற்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வயற்பாதையைத்தான் பார்க்கிறார்கள் என்று நுஸ்ரா கவனித்துச் சொன்னாள். கடவையை அடைத்தால் லேண்ட்மாஸ்டர் வராது, பால் வராது. ஆனால் மனிதர் நிற்கமாட்டார்களா? வேலிக்கு இடையால் புகுந்து வருவார்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஆபத்தும் அப்படியே இருக்கும்.

12. சத்தத்தை எங்கள் பக்கம் மாற்றிப் பார்க்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். கேட்க வேண்டாம், செய்து பார்த்துவிட்டோம். எருமைகள் லேண்ட்மாஸ்டரை மறக்கட்டும் என்று இர்ஷாத் தவிட்டைச் சைக்கிளில் கட்டி, மணி அடித்துக்கொண்டு கொண்டுபோனான். ஒரு கிழமையில் அவை மணியையும் படித்துவிட்டன, லேண்ட்மாஸ்டரையும் மறக்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு மணி அடித்துக்கொண்டு வரும் ஐஸ்பழக்காரர் றுஸ்தி, பட்டிப் பக்கம் ஒருநாள் போய்வந்த பிறகு, இப்போது கைதட்டித்தான் ஐஸ்பழம் விற்கிறார். அவரும் ஒரு மனு எழுதுவதாக இருந்தார். நான் ஒருவாறு தடுத்து வைத்திருக்கிறேன்.

13. இன்னொன்றையும் எழுதாமல் விட மனமில்லை. யுத்த காலத்தில் எங்கள் பாதையில் கோச்சியே ஓடாத வருடங்கள் இருந்தன. சிலிப்பர்க் கட்டை மேலே புல் மூடி, அதில் எங்கள் மாடு மேய்ந்தது. பிறகு ஒரு காலை, எந்த அறிவித்தலும் இல்லாமல், அந்த விக்கல் சத்தம் கேட்டது. குட்டிக் கோச்சி பாதையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தது. அன்று பால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்க வந்த என் கணவரும் அழுதார். அதன் பிறகு ஒவ்வொரு மார்கழி வெள்ளம் வடியும்போதும் முதலில் வருவது அதுதான். அந்தச் சத்தம் கேட்டால், பாதை சரி, இனிக் கோச்சி வரும் என்று பொருள். நாங்கள் எல்லாரும், எருமைகள் உட்பட, படித்துவைத்த சத்தம் அது. அதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

14. ஆகவே நான் வேண்டுவது இவை.

வம்மியடிக் கடவையை மூடும் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும்.

குட்டிக் கோச்சிக்குப் பழைய எஞ்சினைப் பூட்ட வேண்டும். அது தங்கள் களஞ்சிய அறையில் சாக்கு மூடிக் கிடப்பதாகவும், எரிந்த காயிலைச் சுற்றித் தர நகரத்தில் ஆள் இருப்பதாகவும், பூட்டும் வேலையைக் கூலி வாங்காமல் தாமே செய்து தருவதாகவும் திரு. றூபெர்ட் சொல்கிறார். இந்த முறை மழைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அதுவரை, பித்தளை ஹோர்னுக்கு ஒரு புதிய றப்பர்க் குமிழ் போட்டு, வம்மி மரத்து வளைவுக்கு முன்னால் அதை நன்றாக அமுக்கச் சொல்ல வேண்டும். வாத்து மாதிரிக் கத்தினாலும் பரவாயில்லை. எங்கள் வட்டையில் வாத்து வளர்ப்பவர் யாரும் இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து, குட்டிக் கோச்சி வரும் நாட்களில் சுதாகரன் பட்டியை வாவிக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்று உறுதி தருகிறேன். பரிசோதகரின் பகல் உணவுக்கு ஈடாக, அவர் எங்கள் பக்கம் வரும் நாளில் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். இது கட்டாயம்.

15. நான் சொல்வதில் தங்களுக்குச் சந்தேகம் இருந்தால், பழைய எஞ்சினைப் பூட்டியபின் ஒருநாள் தாங்களே அந்த மர வாங்கில் இருந்து வாருங்கள். பட்டியை அன்று கடவையடியிலேயே நிறுத்தி வைப்போம். அந்த விக்கல் சத்தத்துக்கு எருமைகள் முனகிக்கொண்டு இறங்கி வழி விடும். விடாவிட்டால் கடவையைத் தாராளமாக மூடுங்கள். தண்டவாளத் துண்டின் ஒரு முனையை நானே பிடித்துத் தருவேன். மனுவோடு ஒரு சட்டி தயிரும் அனுப்ப எனக்கு ஆசை. அப்படி அனுப்பினால் இலஞ்சமாகிவிடும் என்று நுஸ்ரா தடுத்துவிட்டாள். முடிவு எப்படி வந்தாலும் அதன் பிறகு சட்டி வரும்.

ஐயா, என் கணவர் இப்போது முற்றத்தில் இருந்து தயிர்ச் சட்டிகளுக்குத் தாள் கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டு தளர்வாக இருக்கிறது என்று சற்றுமுன் நான் ஏசினேன். ஏசுவதற்கு அவர் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த முறை அந்த வளைவில் யார் நிற்பார்களோ, அப்போது எருமை பக்கத்தில் நிற்குமோ தெரியாது. அதை நினைத்தே தங்கள் கட்டளையை எதிர்பார்த்திருக்கிறேன்.

தங்கள் நல்ல முடிவை நம்பி,

(ஒப்பம்) சித்தி நபீஸா அப்துல் கபூர்

இடம்: ஏறாவூர்
திகதி: 2024.06.03

இணைப்பு: சிவப்புக் கொடி ஒன்று (கழுவியது, ஒரு மூலையில் பல் அடையாளம் உண்டு).

பிரதி: பாதைப் பரிசோதகர் அவர்கள், மன்னிப்புடனும் சாப்பாட்டு அழைப்புடனும்.

சாட்சிகள்:

க. சுதாகரன், கிரான். (ஒப்பம்)

அப்துல் கபூர், ஏறாவூர். மேலே எழுதியவை யாவும் உண்மை. பதினோராம் பந்தியில் என் மனைவி என்னையும் எருமைகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருப்பதை வாசித்தேன். எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்று அவை நின்றதால்தான் இன்று நான் கையெழுத்து வைக்கிறேன். (ஒப்பம்)